வயிறு நிறைந்த மீன்கள்

மீன் குளத்தைப் பார்க்க அதிகாரி வருகிறார் என்று கிராம சேவகர் போனில் சொன்ன நேரம், நான் அடுப்பில் ரொட்டி போட்டிருந்தேன். அந்த ரொட்டி கருகிப் போனது. இரண்டாவது ரொட்டியும் கருகிப் போனது. மூன்றாவதை என் மாமியார் வந்து என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, போய் உன் மீனையே பார், அடுப்பை விட்டுவிடு என்றார். நான் பிள்ளைகளைப் போல லயத்தின், எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளின், பின்பக்கமாகக் குளத்துக்கு ஓடினேன். ஓடும்போது பக்கத்துக் காம்பராக்காரி என்ன விஷயம் என்று கேட்டாள். மானியம் என்று கத்தினேன். அதற்குமேல் சொல்ல மூச்சு இல்லை.

குளம் என்று நாங்கள் மரியாதைக்குச் சொல்வதுதான். அது ஒரு பழைய மாணிக்கக் குழி. இரத்தினபுரிப் பக்கம் கல் தேடித் தோண்டாத மண் கிடையாது. எங்கள் தோட்டத்தில் ரப்பர் மலை முடிந்து சதுப்பு தொடங்குகிற இடத்தில், எந்தக் காலத்திலோ யாரோ பெரிதாகத் தோண்டிப் பார்த்து, ஒன்றும் அகப்படாமல் மூடாமலே போய்விட்டார்கள். மழைத் தண்ணீர் நிறைந்து, கரை சரிந்து சரிந்து, குழி அகலமாகிப் போனது. மாடு விழுகிறது, நுளம்பு பெருகுகிறது என்று எல்லோரும் திட்டிக்கொண்டிருந்த அந்தக் குழியை நான்தான் ஒரு நாள் குளமாகப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். அவரை நச்சரித்து நச்சரித்துத் தோட்டத்தை நடத்துகிற துரையிடம் அனுப்பினேன். துரை, எடுத்துக்கொள், யாராவது விழுந்தால் என் தலையில் போடாதே என்றாராம். அதுதான் எங்கள் அனுமதி.

எனக்கு அந்தக் குளத்தின் மேல் எவ்வளவு ஆசை என்று சொன்னால் சிரிப்பீர்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு எதுவும் சொந்தம் இல்லை. லயம் தோட்டத்துடையது, மரம் தோட்டத்துடையது, நான் பறிக்கிற தேயிலைக் கொழுந்து தோட்டத்துடையது. வாசலில் நட்ட கறிவேப்பிலைகூட, வெட்டச் சொன்னால் வெட்ட வேண்டியதுதான். அந்த மீன் மட்டும் எங்களுடையது. திலாப்பியாக் குஞ்சுகளைப் பொலித்தீன் பையில் தண்ணீரோடு வாங்கிக்கொண்டு கஹவத்தையிலிருந்து பஸ்ஸில் வந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா சிங்களத்தில் இது என்ன என்று கேட்டார். எங்கள் மீன் என்றேன். எங்கள் என்ற சொல் வாயில் இனித்தது.

பிறகுதான் தீனி விலை ஏறியது. மீன் தீனி என்றால் சின்னச் சின்னக் குருணையாக, தண்ணீரில் மிதக்கிற மாதிரி செய்து மூட்டையில் விற்பார்கள். நாட்டில் எல்லா விலையும் ஏறிய காலத்தில் அதுவும் ஏறியது. மற்றவை கொஞ்சம் இறங்கியபோது அது மட்டும் இறங்க மறந்துவிட்டது. ஒவ்வொரு தடவை போகும்போதும் கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துத்தான் விலை சொல்வார். நாங்களும் என்னவெல்லாமோ செய்தோம். தவிடு போட்டோம், புண்ணாக்கு போட்டோம், பப்பாசி இலையைப் பொடியாக நறுக்கிப் போட்டோம். என் வீட்டுக்காரர் பால் வெட்டி முடித்து வரும்போது சாரத்து மடியில் ரப்பர் விதை பொறுக்கி வருவார். அதை அவித்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி அவித்து, இடித்துப் போடுவோம். அப்படிச் செய்யாவிட்டால் அதில் நஞ்சு இருக்கும். மீன் சாகவில்லை. ஆனால் வளரவும் இல்லை. போன மாதம் பார்த்த அதே அளவில் இந்த மாதமும் வந்து வாயைத் திறந்தால் எனக்குக் கோபம்தான் வரும். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் மீனையே திட்டுவேன்.

கடைசியில் வீட்டுக்காரர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அவர் கத்திப் பேசுகிற ஆள் இல்லை. சாப்பிட்டுக் கை கழுவும்போது, இந்த மாதத்தோடு பிடித்துக் கொடுத்துவிடுவோம், சின்ன மீனாக இருந்தாலும் பரவாயில்லை, குழியை விட்டுவிடுவோம் என்றார். அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மெதுவாகச் சொன்னதால் அவர் தட்டை எடுத்துக் கழுவப் போனேன். அப்படி இருந்த நேரத்தில்தான் அந்தப் போன் வந்தது. தீனி விலையால் கஷ்டப்படுகிற மீன் வளர்ப்பவர்களுக்கு அரசாங்கம் தீனி கொடுக்கிறது. ஆனால் வெறும் குழியைக் காட்டிச் சிலர் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். அதனால் அதிகாரி நேரில் வந்து, மீன் மேலே வருவதைக் கண்ணால் கண்டு, படம் எடுத்தால்தான் கிடைக்கும். ஒரு தடவைதான் வருவார். அன்றைக்கு மீன் தெரியாவிட்டால் இல்லைதான்.

அது எங்களுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. எங்கள் மீன்களுக்கு வெட்கம் கிடையாது. தகர டின்னைத் தட்டினால் போதும், குளமே கொதிக்கிற மாதிரி எழும்பி வரும். அதிகாரிக்குக் காட்டுவதற்கென்றே மூட்டையில் கடைசியாகக் கிடந்த நல்ல தீனியைக் கட்டி வைத்தோம். இரண்டு நாளாகத் தவிடு மட்டும்தான் போட்டோம்.

தோட்டத்தில் பெரிய ஆள் வருகிறார் என்றால் என்ன செய்வோமோ அதெல்லாம் செய்தோம். கரையில் புல் செதுக்கினோம். பாதையோரக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். வாழைக் கன்றின் காய்ந்த இலையைக்கூட என் மாமியார் கழித்து எடுத்தார். அதோடு சிங்களமும் பழகினோம். எங்களுக்குச் சிங்களம் தெரியாமல் இல்லை. ஆனால் கடைச் சிங்களம் வேறு, அதிகாரிகள் பேசுகிற கந்தோர்ச் சிங்களம் வேறு. மரியாதையாக என்ன சொல்வது என்று வீட்டுக்காரரும் நானும் மாறி மாறி அதிகாரியாக நடித்துப் பார்த்தோம். அவர் அதிகாரியாக நடித்தபோது ஒன்றுமே கேட்காமல் எல்லாவற்றுக்கும் சரி என்றார். இந்த மாதிரி அதிகாரி எந்த நாட்டில் இருக்கிறார் என்று கேட்டுச் சிரித்தேன்.

அவர் வர வேண்டிய நாள் காலை பத்து மணி போல மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ஒல்லியான ஆள். முழுக்கைச் சட்டை, தோளில் பை. நான் இரண்டு கையையும் கூப்பி, "ஆயுபோவன் மாத்தயா, வாடிவென்ன" என்று ஒரு மூச்சில் சொன்னேன். அவர் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, "வணக்கம் தங்கச்சி. குளம் எந்தப் பக்கம்?" என்றார். யாழ்ப்பாணத் தமிழ். பழகிய சிங்களமெல்லாம் வீணாய்ப் போன வருத்தம் ஒரு பக்கம், தமிழில் பேசலாம் என்ற சந்தோஷம் ஒரு பக்கம். அவர் பேசுகிறதில் பாதி எனக்குப் பாட்டு மாதிரி இருந்தது. நாங்கள் பேசுவதும் அவருக்கு அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

குளத்தங்கரையில் சுண்ணாம்பு அடித்த கற்களைப் பார்த்துச் சிரித்தார். மீனுக்கு வெள்ளை அடிக்கவில்லையா என்று கேட்டார். நல்ல மனுஷன் என்று எனக்குத் தைரியம் வந்தது. வீட்டுக்காரர் டின்னைத் தட்டினார். நான் கட்டி வைத்த தீனியை எடுக்கப் போனேன். பை மெலிந்து கிடந்தது. தூக்கினேன். உள்ளே ஒன்றும் இல்லை.

அதிகாரி, பரவாயில்லை என்று தன் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து, ஒரு பிடி வீசினார். குருணை தண்ணீரில் விழுந்து பரவியது. அங்கேயே மிதந்தது. காற்றுக்கு மெல்ல ஒரு பக்கமாக ஒதுங்கியது. டின்னை மறுபடி தட்டினோம். ஒரே ஒரு மீன், தூக்கத்திலிருந்து எழும்பினது போல வந்து, ஒரு குருணையை முகர்ந்துவிட்டு, திரும்பிப் போனது. அதன் வால் தெரிந்ததோடு சரி. குழித் தண்ணீர் எப்போதும் செம்மண் கலங்கல். ஒரு சாண் கீழே இருப்பதுகூடத் தெரியாது.

அதிகாரியின் முகம் மாறிவிட்டது. அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "தங்கச்சி, நான் கண்ணாலை காணாமல் எழுதேலாது. இந்தக் கிழமை இப்பிடி எத்தனை குளம் பாத்திட்டன்" என்றார். அந்த வெறும் குழிக்காரர்களில் ஒருத்தியாக என்னையும் நினைத்துவிட்டார். என் கண் நிறைந்துவிட்டது, அழுகையால் இல்லை, ஆத்திரத்தால். தண்ணீருக்குள் குதித்து அவற்றை ஒவ்வொன்றாகக் காதைப் பிடித்து இழுத்து வர வேண்டும் போல இருந்தது, மீனுக்குக் காது இருந்தால்.

அப்போதுதான் பின்னாலிருந்து என் மாமியார், "அதுங்க வராது" என்றார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவர் நல்ல சேலை கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து, திருநீறு பூசி நின்றார். "வெள்ளனவே நான் வயிறு முட்டப் போட்டுட்டேன். பையில இருந்ததெல்லாம் போட்டேன். வெளியாளுங்க வந்து பாக்குறப்ப அதுங்க பசியோட வாயத் தொறந்துகிட்டு நிக்கக் கூடாது" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது. இரண்டு நாள் அரைப்பட்டினி போட்டு, கடைசித் தீனியைக் கட்டி வைத்து, சிங்களம் பழகி, எல்லாம் இந்த ஒரு நிமிஷத்துக்காக. நான் வாயைத் திறந்தேன். வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மத்தியானத்துக்கு முன் அவர் இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டும். அவர் பையின் ஜிப்பை இழுத்து மூடிய சத்தம் எனக்குக் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டதும் நான் லயத்துக்கு ஓடினேன். எங்களிடம் மீன் வலை இல்லை. கட்டிலுக்கு மேலே கட்டியிருந்த நுளம்பு வலையைப் பிய்த்துக்கொண்டு வந்தேன்.

முதல் இழுப்பு படுதோல்வி. நான் ஒரு முனை, வீட்டுக்காரர் ஒரு முனை. மாணிக்கக் குழியின் சேறு இடுப்பு வரை இழுத்தது. வலை நடுவில் தொய்ந்தது. மீன்கள் தொய்ந்த இடத்தைத் தாண்டித் துள்ளிப் பின்னால் போய் விழுந்தன. ஆனால் துள்ளின! அதிகாரி அதைப் பார்த்துவிட்டார். ஜிப்பைத் திறந்தார். "இன்னொருக்கா இழுத்துப் பாப்பம்" என்றார். பாப்பம் என்றாரே தவிர, அப்போது அவர் கரையில்தான் நின்றார்.

கொழுந்து நிறுக்கப் போகிற பெண்கள் அந்த நேரம் மேலே பாதையில் வந்தார்கள். என்னோடு மலைக்குப் போகிறவர்கள்தான். கட்டில் வலையோடு குழிக்குள் நிற்கிற புருஷன் பெண்டாட்டியைப் பார்த்தால் அவர்கள் சும்மா போவார்களா. சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. நான் சேற்றில் நின்றுகொண்டே, வாயால் இழுத்தது போதும், கையால் இழுங்கள் என்றேன். சாக்குகளைப் பாதையோரம் வைத்துவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த படங்கைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். மேலே கங்காணி, நிறுக்கிற நேரம் போகிறது என்று கத்தினார். கொஞ்ச நேரத்தில் அவர் சத்தம் நின்றது. பார்த்தால் அவரும் கரைக்கு வந்து, அந்தப் பக்கம் தூக்கு, இந்தப் பக்கம் இறக்கு என்று வேலை ஏவிக்கொண்டிருந்தார்.

இந்த முறை வலையின் அடியைக் காலால் மிதித்துக்கொண்டு, அடி அடியாக நகர்ந்தோம். என் காலில் மீன்கள் மோதின. முழங்காலில், தொடையில், வழவழவென்று மோதிமோதி ஓடின. இருக்கிறது, இருக்கிறது என்று நான் கத்தினேன். ஒரு மூலை மட்டும் ஆள் இல்லாமல் தாழ்ந்துகொண்டே வந்தது. அந்த மூலைக்குத்தான் எல்லா மீனும் ஓடும் என்று அதிகாரிக்குத் தெரிந்திருக்கும். திடீரென்று பார்க்கிறேன், அவர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கி, அந்த மூலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். மடித்தது வீண். மார்பு வரை நனைந்துவிட்டார்.

வலை மேலே வந்தது. எனக்கு இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. வெயிலில் அத்தனையும் பளபளவென்று துடித்தன. ஒன்று துள்ளி அதிகாரியின் சட்டைப் பையில் முட்டியது. பெண்கள் குலவை போட்டார்கள். யார் ஆரம்பித்தது என்று தெரியாது, நானும் போட்டேன். என் வீட்டுக்காரர், சத்தமே போடாத மனுஷன், தண்ணீரைக் கையால் அடித்து அடித்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், இவர் குழியை விடமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அதிகாரி ஒரு மீனைத் தூக்கி வயிற்றைத் தடவிப் பார்த்தார். கெட்டியாக, உருண்டையாக இருந்தது. எல்லா மீனும் அப்படித்தான், கல்யாண வீட்டில் சாப்பிட்டு வந்தது போல. அவர் தலையைச் சொறிந்தார். இந்த வயிற்றைப் பார்த்தால், இதற்கு எதற்கு உதவி என்று மேலே கேட்பார்களே என்றார். விளையாட்டாகச் சொன்னாரா, உண்மையாகவா என்று எனக்குத் தெரியவில்லை. மாமியார் போய், அந்தத் தீனிப் பையை எடுத்து வந்து, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி, அவர் முன்னால் உதறினார். கொஞ்சம் தூசி பறந்தது. அதிகாரி தலையாட்டினார். போதும் அம்மா, விளங்கிவிட்டது என்றார்.

பிறகு படம். வெறும் பையைக் கையில் பிடித்துக்கொண்டு குளத்தின் முன்னால் மாமியாரை நிற்கச் சொன்னார். நாங்கள் இரண்டு பக்கமும் மீனோடு நின்றோம். எல்லோருக்கும் இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. அதிகாரி போனைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, சிரிக்காமல் நில்லுங்கோ. உதவிக்குப் போற படம்" என்றார்.

மாமியார் பையைக் கீழே போட்டார்.

"நான் சின்னப் புள்ளயா இருந்தப்ப, பஞ்சத்துல எங்க லயத்துக்கு மாவு குடுக்க ஆளுங்க வந்தாங்க" என்றார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை, குளத்தைப் பார்த்துத்தான் சொன்னார். "எங்கம்மா முந்தின நாளே இருந்த மாவையெல்லாம் சுட்டு எனக்குக் குடுத்து, மூஞ்சியத் தொடச்சு விட்டுச்சு. புள்ள பசியோட நிக்கக் கூடாதுன்னு. படம் புடிக்க வந்தவரு, இந்தப் புள்ள சிரிக்குது, வேணாம்னு தள்ளி விட்டுட்டாரு. அப்புறம் வெறும் தட்டக் குடுத்து, சிரிக்காம நில்லுன்னாங்க. நின்னேன். நின்ன பொறகுதான் மாவு குடுத்தாங்க."

இத்தனை வருஷம் ஒரே அடுப்பில் சமைத்திருக்கிறோம். இதை அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. காலையில் அவர்மேல் எனக்கு வந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஓடிப் போய் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கையில் மீன் இருந்தது.

அதிகாரி போனைத் தாழ்த்தினார். அவர் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "சண்டை முடிஞ்ச நேரம் முகாமிலை எங்களையும் அப்பிடித்தான் நிப்பாட்டினவை" என்றார். கீழே கிடந்த பையை எடுத்து, தானே மடித்து, ஒரு கல்லின் மேல் வைத்து, அதைத் தனியாக ஒரு படம் எடுத்தார். பிறகு வலையிலிருந்து ஆகப் பெரிய மீனைப் பார்த்துத் தேடி எடுத்து, மாமியாரின் இரண்டு கையிலும் கொடுத்தார்.

"இப்ப சிரியுங்கோ அம்மா" என்றார்.

அந்தப் படம் என் போனிலும் இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொண்டேன். மாமியார் நடுவில், பிள்ளையைத் தூக்குவது போல மீனைத் தூக்கிக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். சேலை நனைந்துவிட்டது. பின்னால் பாதி முகம் சேறாக நாங்கள் எல்லோரும். ஓரத்தில் கங்காணியின் கை மட்டும் தெரிகிறது. பிச்சை கேட்கிற படம் என்று யாராலும் சொல்ல முடியாது. இப்படிச் சிரித்தால் கிடைக்காது என்று லயத்தில் சிலர் சொன்னார்கள். நான் அவர்களோடு சண்டை போட்டேன். சண்டை போட்டுவிட்டு, இரவெல்லாம் எனக்கும் அதே பயம்தான்.

கிடைத்தது. டவுனுக்கு வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லித் தகவல் வந்த அன்று நான் வேலைக்குப் போகவில்லை. மூட்டைகளைத் த்ரீவீலரில் ஏற்றிக்கொண்டு, இடம் போதாமல் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். தீனி வாசனையில் த்ரீவீலர்க்காரர் மூக்கைப் பொத்தினார். எனக்கு அது மல்லிகைப்பூ மாதிரி மணத்தது. வழியெல்லாம் மூட்டையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே வந்தேன்.

அன்று பின்னேரம் மாமியார் குளத்துக்குப் போனார். நானும் பின்னால் போனேன், ஆனால் அவர் பக்கத்தில் போகவில்லை, வாழை மரத்தோடு நின்றுகொண்டேன். அவர் மூட்டையைப் பிரித்து, டின்னை நிறைத்து, தட்டினார். மீன்கள் எழும்பின. பல நாள் பசி; ஒன்றின்மேல் ஒன்று ஏறி, வாயைப் பிளந்து, தண்ணீரையே கிழித்துக்கொண்டு வந்தன. மாமியார் கையை உடனே நீட்டவில்லை. பாதையைத் திரும்பிப் பார்த்தார், மேலே மலையைப் பார்த்தார். பிறகு டின்னோடு கவிழ்த்தார்.

"யாரும் இல்ல" என்று அவற்றிடம் சொன்னார். "சாப்புடுங்க."